அத்தையோட 'நானோ மஞ்சள்' பாட்டிலும், ஆஸ்பத்திரி டிரிப்ஸும்!

போன பௌர்ணமிக்கு கிரிவலம் போகலாம்னு திருவண்ணாமலை போயிருந்தேன். ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல, ரமண நகர்லதான் அத்தை வீடு. மாடியில நின்னா மலை முழுசா தெரியும், காலையில மயில் சத்தத்துலதான் எழுந்திரிக்கணும். ஆனா, இந்த முறை என் கண்ணுல முதல்ல பட்டது மலை இல்லை. சாப்பாட்டு மேசை மேல இருந்த ஒரு பாட்டில்.

அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். வெளியூர் மருத்துவமனை ஒண்ணுல கீமோ போயிட்டிருக்கு. மூணு சுற்று முடிஞ்சிருந்தது. நாலாவதுக்கு இன்னும் 10 நாள். தலைமுடி கொட்டிடுச்சு, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகுதுன்னு சொன்னாங்க.

பாட்டில்ல தங்க நிற எழுத்துல 'நானோ குர்குமின்'னு போட்டிருந்தது. செங்கம் ரோட்டுல ஒரு கடையில வாங்கினதாம். வாட்ஸ்அப்ல வந்த வீடியோவையும் காட்டினாங்க. "சாதா மஞ்சள் உடம்புல ஒட்டாது, நானோ மஞ்சள் நேரா கேன்சர் செல்லுக்குள்ள போயிடும்"னு ஒருத்தர் ரொம்ப நம்பிக்கையா பேசுறாரு.

"இதைச் சாப்பிட்டா அடுத்த கீமோவே வேணாம்னு சொல்றாங்கடா. மூலிகைதானே, என்ன கெட்டுப்போகப் போகுது?"ன்னு அத்தை கேட்டாங்க.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியலை. ஏன்னா, அந்த வீடியோவுல பாதி உண்மையும் இருக்கு. அதுதான் சிக்கலே. அன்னிக்கு ராத்திரி கிரிவலம் போகலை. உட்கார்ந்து படிச்சேன். படிச்சதை அத்தைகிட்ட எப்படிச் சொன்னேனோ, அப்படியே உங்களுக்கும் சொல்றேன்.

அந்த வீடியோவுல உண்மையான பாதி

மஞ்சளுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கிற பொருள்தான் குர்குமின். ஆனா, மஞ்சள் தூள்ல அது வெறும் 3 சதவிகிதம் அளவுக்குத்தான் இருக்கும். அதுவும் தண்ணீர்ல கரையாது. குடல் அதை ஒழுங்கா உறிஞ்சாது. தப்பித்தவறி உள்ளே போனதையும் கல்லீரல் சீக்கிரமே மாத்தி வெளியே அனுப்பிடும். ஆய்வகத் தட்டுல இருக்கிற புற்றுநோய் செல் மேல குர்குமினை ஊத்தினா அது சாகுது. அதே குர்குமினை மனுஷன் வாய் வழியா சாப்பிட்டா, ரத்தத்துல தேடிக் கண்டுபிடிக்கிறதே கஷ்டம்.

இதுக்கு நம்ம வீட்டுல ஏற்கெனவே ஒரு வழி இருக்கு. சளி பிடிச்சா பால்ல மஞ்சளோட மிளகுத்தூளும் போட்டுத் தருவாங்க இல்லையா? 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதைச் சோதிச்சாங்க. 2 கிராம் குர்குமினோட, மிளகுல இருக்கிற பைப்பரினை வெறும் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தப்ப, உடம்பு எடுத்துக்கிட்ட குர்குமின் அளவு 2,000 சதவிகிதம் கூடுச்சு. இன்னிக்கு பாதி சப்ளிமென்ட் பாட்டில்கள்ல நீங்க பார்க்கிற '2,000%' இங்கேர்ந்து வந்ததுதான். ஆனா, ஒண்ணை மறந்துடக் கூடாது. கிட்டத்தட்ட பூஜ்ஜியத்தை 20 மடங்கு பெருக்கினாலும் வர்றது சின்ன நம்பர்தான்.

சித்த மருத்துவத்துல இதுக்கு 'அனுபானம்'னு ஒரு சொல்லே இருக்கு. மருந்தைத் தேன்ல குழைச்சுக் கொடுக்கிறது, நெய்யில கொடுக்கிறது, வெந்நீர்ல கொடுக்கிறது. மருந்து ஒண்ணு, அதை ஏத்திட்டுப் போற வண்டி ஒண்ணு. நானோ மருந்துங்கிறதும் அடிப்படையில் வண்டி பத்தின விஷயம்தான்.

ஒரு நானோமீட்டர்னா ஒரு மீட்டரை 100 கோடி பங்கா போட்டு, அதுல ஒரு பங்கு. நம்ம தலைமுடியோட தடிமன் 80,000 நானோமீட்டருக்கு மேல வரும். ஒரு மருந்தை, 100 நானோமீட்டர் அளவுல இருக்கிற கொழுப்பு உருண்டைக்குள்ளயோ, புரதத்தோட ஒட்டியோ, பாலிமர் கூட்டுக்குள்ளயோ வச்சு அனுப்பினா, தண்ணீர்ல கரையாத மருந்தும் ரத்தத்துல மிதந்து போகும். ஃபைசர் கொரோனா தடுப்பூசி வேலை செஞ்சதும் இப்படி ஒரு கொழுப்பு உருண்டையை நம்பித்தான். ஆக, டெக்னாலஜி நிஜம். கதை இல்லை.

டிரிப்ஸ்ல இருந்த மரம்

அத்தையோட மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதுல இருந்த பெயர் 'பேக்லிடாக்ஸல்'.

"அத்தை, உங்களுக்கு ஏத்துற மருந்தே ஒரு மரத்தோட பட்டையிலிருந்து வந்ததுதான்"னு சொன்னதும் நம்பவே இல்லை. "அது கெமிக்கல்டா"ன்னாங்க.

அமெரிக்காவின் மேற்குக் கடலோரக் காடுகள்ல வளர்ற 'பசிபிக் யூ' மரம். 1962-ல் அமெரிக்க அரசு நடத்தின தாவரத் தேடல்ல அதோட பட்டையைச் சேகரிச்சாங்க. அதுல இருக்கிற மருந்துப் பொருளைப் பிரிச்சு, அதோட அமைப்பை 1971-ல் வெளியிட்டவங்க மன்ரோ வால், மன்சுக் வாணி. வாணி நம்ம மகாராஷ்டிராவுல, நந்துர்பார்ல பிறந்தவர். அது மருந்தா அனுமதி வாங்கினது 1992-ல். பட்டை சேகரிச்சதுக்கும் நோயாளிக்குப் போய்ச் சேர்ந்ததுக்கும் நடுவுல 30 வருஷம்!

அதுக்கும் குர்குமின் மாதிரியே அதே பிரச்னை. தண்ணீர்ல கரையாது. அதனால, ஆமணக்கு எண்ணெயிலிருந்து தயாரிச்ச ஒரு கரைப்பான்லயும் ஆல்கஹால்லயும் கரைச்சுக் கொடுத்தாங்க. அந்தக் கரைப்பான் சிலருக்கு மோசமான அலர்ஜியை உண்டாக்குச்சு. கீமோவுக்கு முன்னாடி ஸ்டீராய்டும் அலர்ஜி தடுப்பு ஊசியும் போடுறாங்களே, அதுக்கு முக்கியமான காரணம் இதுதான். "ஆமாடா, அது போட்டாலே தூக்கமா வரும்"னு அத்தை தலையாட்டினாங்க.

இங்கதான் நானோ வருது. பேக்லிடாக்ஸலை அல்புமின்கிற ரத்தப் புரதத்தோட சேர்த்து, சுமார் 130 நானோமீட்டர் துகளா மாத்தினாங்க. எண்ணெய்க் கரைப்பானே வேண்டாம். 'அப்ராக்ஸேன்'ங்கிற பெயர்ல 2005 ஜனவரியில அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்துச்சு. இந்தியாவும் சும்மா இருக்கலை. டெல்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியை வச்சு டாபர் ஃபார்மா 'நேனோக்ஸல்'ங்கிற பாலிமர் நானோ மருந்தை 2007-ல் கொண்டுவந்தது. அதுலயும் இருந்தது இதே பேக்லிடாக்ஸல்தான்.

ஆக, "தாவர மருந்தை நானோ வழியா கேன்சருக்குக் கொடுக்க முடியுமா?"ன்னு கேட்டா, முடியும். 20 வருஷமா கொடுத்துட்டுத்தான் இருக்காங்க. அது இருக்கிற இடம் மருத்துவமனை வார்டு. விக்கிற இடம் செங்கம் ரோடு கடை இல்லை.

பரீட்சை எழுதினவன், எழுதாதவன்

ரெண்டுக்கும் வித்தியாசம் பாட்டில்ல இல்லை, பரீட்சையில இருக்கு. அப்ராக்ஸேனை, பரவிய மார்பகப் புற்றுநோய் இருந்த 450-க்கும் மேற்பட்ட பெண்கள்கிட்ட, பழைய மருந்தோட நேருக்கு நேரா வச்சுப் பார்த்தாங்க. பழைய மருந்துல 19 சதவிகிதம் பேருக்குக் கட்டி சுருங்குச்சு. நானோ மருந்துல 33 சதவிகிதம் பேருக்கு. நல்ல முன்னேற்றம். ஆனா, அதே ஆய்வுல இன்னொரு கணக்கும் இருக்கு. கை, கால் கடுமையா மரத்துப்போறது பழைய மருந்துல 2 சதவிகிதம், நானோ மருந்துல 10 சதவிகிதம். நல்லது எவ்வளவு, கெட்டது எவ்வளவுன்னு ரெண்டையும் ஒரே காகிதத்துல எழுதி வச்சிருக்காங்க. அத்தை மேசையில இருந்த பாட்டில்ல ஒரு பக்கக் கணக்குதான் இருந்தது.

சரி, நானோ குர்குமின் பத்தி ஆராய்ச்சியே இல்லையா? நிறைய இருக்கு. டெல்லி பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் சேர்ந்து 2007-லேயே பாலிமர் நானோ குர்குமினைச் செஞ்சு, ஆய்வகத்துல கணையப் புற்றுநோய் செல்கள் மேல சோதிச்சாங்க. மூட்டுவலி, உடல் வீக்கம் மாதிரி விஷயங்களுக்கு மனுஷங்ககிட்ட சின்ன சின்ன சோதனைகளும் பல நாட்டுல நடந்திருக்கு. சிலதுல பலனும் தெரிஞ்சிருக்கு. ஆனா, 2017-ல் மருந்து வேதியியல் ஆய்வாளர்கள் சிலர் குர்குமின் பத்தி அதுவரைக்கும் நடந்த 120-க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளை அலசினாங்க. போலி மருந்தோட ஒப்பிட்டு, யாருக்கு எது போகுதுன்னு தெரியாம நடத்தின கறாரான சோதனைகள்ல குர்குமின் ஜெயிச்சதா ஒண்ணுகூட இல்லைன்னு எழுதினாங்க. புற்றுநோயைக் குணப்படுத்தும்னு குர்குமினுக்கு எஃப்.டி.ஏ. இன்னும் அனுமதி தரலை.

'நேரா கேன்சர் செல்லுக்கே போயிடும்'ங்கிறதையும் பார்த்துடலாம். 2016-ல் டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 வருஷ ஆராய்ச்சிக் கட்டுரைகளை எடுத்துக் கணக்குப் போட்டாங்க. எலி மாதிரி விலங்குகளுக்கு ஊசி வழியா ஏத்தின நானோ துகள்கள்ல கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது சராசரியா 0.7 சதவிகிதம். ஆமா, 100-க்கு ஒண்ணுகூட இல்லை. மீதியில் பெரும் பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடிச்சு வச்சுக்குது. ஊசிக்கே இந்தக் கதின்னா, மாத்திரையா முழுங்கினா?

இன்னொரு குழப்பமும் இருக்கு. 'துளசி நானோ', 'வேப்பிலை வெள்ளி நானோ'ன்னு நம்ம ஊர்க் கல்லூரிகள்லேர்ந்து நிறைய கட்டுரைகள் வருது. அதுல பெரும்பாலும் நடக்கிறது வேற. வெள்ளி உப்புக் கரைசல்ல இலைச்சாறை ஊத்துவாங்க, வெள்ளித் துகள்கள் உருவாகும். அங்க இலை சமையல்காரர், மருந்து வேலை பார்க்கிறது வெள்ளி. அது மூலிகையை உடம்புக்குள்ள கொண்டுபோற வண்டி கிடையாது. தட்டுல பாக்டீரியா செத்ததை வச்சு, 'துளசி நானோ நோயைக் குணப்படுத்தும்'னு ரீல்ஸ் போடுறது ரொம்ப தூரத் தாவல்.

இந்த ஊருக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை

பேசிட்டிருக்கும்போது அத்தை ஜன்னல் வழியா ஆசிரமம் பக்கம் கையைக் காட்டினாங்க. "பகவானுக்கே கேன்சர் வந்ததுடா"ன்னாங்க.

வாஸ்தவம்தான். ரமண மகரிஷிக்கு இடது கையில வந்த கட்டியை 1949 பிப்ரவரியில அறுவை சிகிச்சை பண்ணி எடுத்தாங்க. திரும்ப வந்துச்சு. சார்கோமான்னு தெரிஞ்சது. அந்த ஒரே வருஷத்துல நாலு அறுவை சிகிச்சை, ரேடியம் சிகிச்சை, நாட்டு மருந்து, ஹோமியோபதின்னு பக்தர்கள் எல்லாத்தையும் செஞ்சு பார்த்தாங்க. 1950 ஏப்ரல் 14-ல் அவர் மறைஞ்சார். மூலிகையா, அலோபதியாங்கிற சண்டை அங்க நடக்கலை. அன்னிக்குக் கையில என்ன இருந்துச்சோ அதையெல்லாம் அன்போட கொடுத்தாங்க. ஆனா, அன்னிக்கு எந்தப் பக்கத்துலயும் கையில இருந்தது ரொம்பக் குறைவு.

அதுக்கப்புறம் எட்டே வருஷத்துல கனடாவுல ஒரு விஷயம் நடந்துச்சு. சர்க்கரை நோய்க்கு உதவுமான்னு ஒரு செடியை ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர்னு ரெண்டு விஞ்ஞானிகள் சோதிச்சாங்க. சர்க்கரை குறையலை, ஆனா வெள்ளை அணுக்கள் குறைஞ்சது. 'அட, அப்போ ரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே'ன்னு பிடிச்சாங்க. அதிலிருந்து வந்ததுதான் வின்பிளாஸ்டின். அதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின் 1963-ல் அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. குழந்தைகளுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய்க்கு இன்னிக்கும் அது அடிப்படை மருந்து.

அந்தச் செடி எது தெரியுமா? நித்யகல்யாணி. சுடுகாட்டு மல்லின்னும் சொல்வோம். அத்தை வீட்டு வாசல்ல சிமென்ட் விரிசல்ல பூத்திருக்கே, அதேதான். தென் தமிழ்நாட்டுல மானாவாரி நிலத்துல இதைப் பயிர் பண்ணியிருக்காங்க.

நித்யகல்யாணிக்கும் நானோ வண்டி வந்துச்சு. வின்கிறிஸ்டினைக் கொழுப்பு உருண்டைக்குள்ள வச்ச 'மார்கிபோ'வுக்கு 2012-ல் அவசரத் தேவை கருதி எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்துச்சு. 'உண்மையிலேயே பலன் இருக்குன்னு பெரிய ஆய்வு நடத்திக் காட்டணும்'னு ஒரு நிபந்தனையும் போட்டாங்க. அந்த ஆய்வு முடியலை. 2022-ல் அனுமதி ரத்து. பாருங்க, மருந்து உண்மையானது, நானோவும் உண்மையானது. ஆனாலும் நிரூபிக்கலைன்னா வெளியே போகணும். 'நானோ'ங்கிற வார்த்தையே ஒரு சான்றிதழ் கிடையாது.

"மூலிகைதானே, என்ன கெட்டுப்போகப் போகுது?"

அத்தை கேட்ட இந்தக் கேள்விக்கு வரேன். இதுதான் முக்கியம்.

நாம தலைமுறை தலைமுறையா சாம்பார்லயும் ரசத்துலயும் மஞ்சள் சாப்பிட்டு ஒண்ணும் ஆகலை. அதுக்கு ஒரு காரணம், அளவு குறைவு. இன்னொரு காரணம், அது உடம்புல அதிகமா ஏறாம வெளியே போயிடுது. எதை 'குறை'ன்னு சொல்லி நானோ பாட்டிலை விக்கிறாங்களோ, அதுதான் இத்தனை நாளா நமக்குப் பாதுகாப்பு. கதவைத் திறந்துவிட்டா நல்லது மட்டும் உள்ளே வராது.

அமெரிக்காவுல மருந்தால வர்ற கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கிற மருத்துவக் குழு, மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பத்தி 2022-ல் எழுதினாங்க. அதுல 5 பேர் மருத்துவமனையில சேர்ந்தாங்க, ஒருத்தர் இறந்துட்டார். 10 பேர்ல 7 பேருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்துச்சு. நமக்கு அது இருக்கான்னு யாருக்குத் தெரியும்? ஆஸ்திரேலியாவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் இதே மாதிரி எச்சரிக்கை விட்டுச்சு. அதிக அளவுல சாப்பிடறதும், உறிஞ்சும் தன்மையைக் கூட்டின தயாரிப்புகளும் ஆபத்தை அதிகமாக்கலாம்னு குறிப்பிட்டே சொன்னாங்க. எண்ணிக்கையில இது அரிதுதான். ஆனா, கீமோவுல இருக்கிற ஒருத்தரோட கல்லீரல் ஏற்கெனவே ஓவர்டைம் பார்த்துட்டு இருக்கு. பேக்லிடாக்ஸலை உடைச்சு வெளியே அனுப்புறதும் அதே கல்லீரல்தான்.

இதோட பைப்பரின் வேற. வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற ப்ராப்ரனலால் மாதிரி மருந்துகளோட அளவை ரத்தத்துல அது கூட்டிவிடும்னு இந்தியாவுல நடந்த ஆய்வுகளே சொல்லுது. மிளகு ரசம் சாப்பிடுறதைச் சொல்லலை. தினமும் செறிவூட்டின மாத்திரையா சாப்பிடுறதைச் சொல்றேன்.

சட்டம் என்ன பண்ணுது?

இந்தியாவுல நானோ மருந்துகளை எப்படிச் சோதிக்கணும்னு 2019 அக்டோபர்ல மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கு. துகளோட அளவு, நிலைத்தன்மை, நச்சுத்தன்மைன்னு எல்லாத்துக்கும் தரவு கேட்கிறாங்க. ஆனா, அது 'மருந்து'ன்னு விண்ணப்பிக்கிறவங்களுக்கு. கடையில இருக்கிற பாட்டில் பெரும்பாலும் 'ஹெல்த் சப்ளிமென்ட்'ங்கிற பெயர்ல, உணவு லைசென்ஸ்ல வருது. பரீட்சை ஹாலுக்கே வராம பாஸ் ஆனவங்க மாதிரி.

விளம்பரம்? ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி வாங்கணும்னு 2018-ல் விதி 170 கொண்டுவந்தாங்க. 2024 ஜூலையில மத்திய அரசே அதை நீக்குச்சு. அந்த நீக்கத்துக்கு 2024 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் தடை போட்டுச்சு. 2025 ஆகஸ்ட்ல வழக்கை முடிச்சு, தடையையும் விலக்கிடுச்சு. ஆக, விளம்பரம் வெளியாகறதுக்கு முன்னாடி தடுக்கிற கதவு இப்போ இல்லை. ஆனா, 1954-ம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் இன்னும் இருக்கு. புற்றுநோய், சர்க்கரை நோய் உட்பட 54 நோய்களைக் குணப்படுத்தும்னு பொதுவெளியில விளம்பரம் பண்றது அதன்படி குற்றம். ஒரு ரீல்ஸ்ல 'கேன்சர் குணமாகும்'னு ஒருத்தர் சொன்னா, அந்த ஒரு வரியே உங்களுக்கு ரெட் சிக்னல்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்க!

அம்மா, அப்பா, தாத்தா வாங்கிட்டு வர்ற பாட்டிலைக் கையில எடுக்கிற வாய்ப்பு உங்களுக்குத்தான் அதிகம். அஞ்சு விஷயம் பாருங்க.

1. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருந்தா, அது உணவுப் பொருள். மருந்து இல்லை. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'ன்னு ஆங்கிலத்துல சின்ன எழுத்துல அச்சடிச்சிருப்பாங்க. தேடிப் பாருங்க.

2. 'நானோ'ன்னு போட்டிருந்தா, எந்த வண்டி? கொழுப்பா, புரதமா, பாலிமரா, உலோகமா? துகள் அளவு எவ்வளவு? எதுவுமே இல்லைன்னா அது வெறும் விளம்பர வார்த்தை.

3. ஆதாரம்னு காட்டுறது தட்டுல வளர்ந்த செல்லா, எலியா, மனுஷனா? மனுஷன்னா எத்தனை பேர், எதோட ஒப்பிட்டாங்க?

4. ஏற்கெனவே சாப்பிடுற மாத்திரையோட மோதுமா? ரத்தம் உறையாம இருக்க, வலிப்புக்கு, சர்க்கரைக்கு, கீமோவுக்கு மருந்து எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட பாட்டிலோட போய்க் கேட்கணும். சித்த மருத்துவம்தான் வேணும்னா, பதிவு பெற்ற சித்த மருத்துவரைப் பாருங்க. தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கு. அவங்ககிட்டயும் அலோபதி மருந்துச் சீட்டைக் காட்டுங்க.

5. கண் மஞ்சளாகுது, சிறுநீர் அடர் நிறத்துல போகுது, பசியே இல்லைன்னா உடனே நிறுத்திட்டு மருத்துவமனைக்குப் போங்க. மருந்துப் பக்கவிளைவைப் பதிவு பண்ண 1800-180-3024ங்கிற இலவச எண் இருக்கு.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒண்ணு. பாட்டிலை நம்பி, நடந்துட்டிருக்கிற சிகிச்சையை நிறுத்தக் கூடாது. பாட்டிலுக்குக் கொடுத்த காசைத் திரும்பச் சம்பாதிச்சுக்கலாம். தள்ளிப்போட்ட கீமோ நாள்கள் திரும்ப வராது.

அத்தை என்ன பண்ணாங்க?

முழுசா சம்மதிக்கலை. "எல்லாம் சரிடா, ஆனா அந்த மருந்து ஏத்தினா நாலு நாள் நான் படுற பாடு உனக்குத் தெரியாது"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. யோசிச்சுப் பார்த்தா, அந்த பாட்டிலை வித்தவர் அத்தைகிட்ட வித்தது மஞ்சளை இல்லை. 'வலியில்லாம சரியாயிடும்'ங்கிற ஆறுதலை. மருத்துவமனையில அஞ்சு நிமிஷத்துல சீட்டு எழுதி அனுப்பும்போது கிடைக்காத ஆறுதல் அது. அந்த இடம் காலியா இருக்கிற வரைக்கும் இந்த மாதிரி பாட்டில்கள் வந்துட்டேதான் இருக்கும்.

10 நாள் கழிச்சு நானும் கூடப் போனேன். பாட்டிலையும் எடுத்துட்டுப் போனோம். டாக்டர் திட்டலை. வாங்கிப் படிச்சுப் பார்த்துட்டு, "சிகிச்சை முடியுற வரைக்கும் வேண்டாம்மா, சமையல்ல போடுற மஞ்சள் போதும்"னாரு. கல்லீரலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினாரு. விரல் மரத்துப்போறதை அத்தை அதுவரைக்கும் அவர்கிட்ட சொல்லவே இல்லையாம். அன்னிக்குத்தான் சொன்னாங்க. மருந்தோட அளவை அவர் கொஞ்சம் மாத்தினாரு.

டிரிப்ஸ் இறங்க ஆரம்பிச்சதும் அத்தை அந்தப் பையையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தாங்க.

"மரப்பட்டையா இது?"

"ஆமா அத்தை."

"அதை முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கலாம்"னு சொல்லிட்டு கண்ணை மூடிக்கிட்டாங்க.